தூசிக்குள் வளரும் கருந்துளை

சித்திரை நள்ளிரவில் வெள்ளவத்தைக் கடற்கரையில் நின்று தெற்கே பாருங்கள். வெறுங்கண்ணுக்கு எட்டாமல் அங்கே சென்டாரஸ் ஏ என்ற விண்மீன் பேரடை இருக்கிறது. தூரம் ஏறத்தாழ 1.2 கோடி ஒளியாண்டு. குறுக்கே கனத்த தூசிப்பட்டை. நடுவில், சூரியனைப்போல் சுமார் ஐந்தரைக் கோடி மடங்கு நிறைகொண்ட கருந்துளை. அதில் விழும் வாயு சூடேறி வீசும் வலுவான எக்ஸ் கதிர்கள் தூசியையும் துளைத்து வரும். அவற்றைப் பிடிக்க 1999இல் ஏவப்பட்ட தொலைநோக்கிக்கு, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் சந்திரசேகரின் பெயர். எனக்கு அதில் தனிப் பெருமை. இத்தகைய கருந்துளையின் நிறை பொதுவாக, அது இருக்கும் பேரடையின் நடுப்புடைப்பு நிறையில் ஆயிரத்தில் சில பங்குதான். ஆனாலும் ஒன்று பெரிதென்றால் மற்றதும் பெரிது. இரண்டும் ஒரே வாயுவை உண்டு வளர்வதும், கருந்துளையின் வீச்சு விண்மீன் பிறப்பை அடக்குவதும் காரணமாகலாம். இதைவிட அழகான பொருத்தத்தை நான் வானில் அறியேன்.