கூடி வாழ்தலும் நாவடக்கமும்: போன்ஹோஃபரின் நூலொன்றைப் பற்றிய திறனாய்வு

சபையாரின் ஆன்மீக உருவாக்கத்தைக் குறித்து ஆழ்ந்து எண்ணும் ஆயருக்கும் இறையியல் மாணவருக்கும் நன்கு அறிமுகமான நூல், டீட்ரிக் போன்ஹோஃபர் 1939இல் வெளியிட்ட சிறு நூல். ‘கூடி வாழ்தல்’ என்பது அதன் ஜெர்மானியத் தலைப்பின் பொருள். ஐந்தே அதிகாரங்கள் கொண்ட இந்நூலை நம் சபைகளுக்கு வழிகாட்டியாகக் கொள்ளுமுன், அது பிறந்த இடத்தை நினைவிற்கொள்ளுதல் நன்று.

நாசிக் கொள்கை திருச்சபைக்குள் புகுவதை எதிர்த்த ‘அறிக்கையிடும் திருச்சபை’, தன் குருத்துவ மாணவருக்கென 1935இல் நிறுவிய பயிற்சிக்கூடம் ஒன்றைப் பின்கன்வால்டே என்னும் ஊரில் போன்ஹோஃபர் நடத்திவந்தார். 1937இல் அரசின் இரகசியக் காவல்துறை அதனை மூடிற்று. அங்கு வாழ்ந்த வாழ்வின் பயனையே மறு ஆண்டில் அவர் எழுத்தில் வடித்தார். ஆகவே இது எரிகிற நெருப்பிலிருந்து எடுக்கப்பட்ட நூல்.

இந்நூலின் தலைசிறந்த கருத்து, கிறிஸ்தவ ஐக்கியம் நாம் முயன்று எட்டவேண்டிய இலட்சியமன்று, கிறிஸ்துவுக்குள் ஏற்கனவே அருளப்பட்ட கொடை என்பதாம். தன் கனவுச் சபையை நேசிப்பவன் உள்ள சபையை அழித்துவிடுவான் என அவர் எச்சரிக்கிறார். வந்த ஓராண்டிற்குள் சபையாரைக் குறைகூறத் தொடங்கும் இளம் ஆயருக்கு இதனினும் பயனுள்ள மருந்து வேறில்லை. கூடியிருக்கும் நாளும் தனித்திருக்கும் நாளும் ஒன்றையொன்று காக்கின்றன என்னும் போதனையும் அத்தகையதே. தனிமையில் நிற்க அறியாதவன் கூட்டத்தை நாடுவது தன்னை மறப்பதற்கே. கன்வென்ஷன் கூட்டங்களிலும் உபவாசக் கூட்டங்களிலும் நிறைவு காணும் நம் சபைகள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

எனினும் இரு தடைகள் எழுகின்றன. முதலாவது, நூலின் ஒழுங்கு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த இளைஞருக்குரியது. ஒரே திருமறைப் பகுதியை ஒரு வாரம் முழுவதும் நாள்தோறும் தியானிப்பது விடுதியில் எளிது. விடியுமுன் வயலுக்குச் செல்லும் கூலித் தொழிலாளிக்கும், அடுப்படியில் நாளைத் தொடங்கும் தாய்க்கும் அந்த அரைமணி நேரம் எங்கே? ஆனால் ஒரே வசனத்தை வாரம் முழுவதும் சுமத்தல் எவருக்கும் இயலும். ஞாயிறு அருளுரையின் வசனத்தையே பெண்கள் ஐக்கியமும் ஓய்வுநாள் பள்ளியும் வீட்டு ஜெபக்கூட்டமும் அவ்வாரம் பற்றிக்கொள்ளலாம். நேரத்தை அன்று, வசனத்தையே நாம் இந்நூலிலிருந்து பெறவேண்டும்.

இரண்டாவது தடை கடினமானது. ஒருவர்க்கொருவர் செய்யும் பணிகளுள் முதலாவதாக நாவடக்கத்தை இந்நூல் வைக்கிறது. சாதியாலும் செல்வத்தாலும் பிளவுண்ட சபையில் இப்போதனை யாருக்குச் சொல்லப்படுகிறது? சேகரக் கமிட்டியில் இடமின்றியும் கல்லறைத் தோட்டத்திலும் ஒதுக்கப்பட்டும் வாழ்வோர் வாய்திறக்கையில், ‘சபையின் ஐக்கியத்தைக் கெடுக்காதீர்’ என்று அடக்குவதற்கு இதுவே கருவியாகிவிடக்கூடும். அவ்வாறாயின் ஆன்மீக உருவாக்கம் என்பது அநீதிக்குப் பழக்கும் பயிற்சியாகிவிடும்.

நூலையே கூர்ந்து நோக்கின் இவ்வாசிப்பு பிழையென்பது விளங்கும். அவ்வதிகாரம் தொடங்குவது, தங்களில் எவன் பெரியவன் என்று சீஷர் வாதாடிய லூக்கா 9:46இல். அங்கே அடக்கப்படவேண்டிய நாவு, பிறரை மறைவில் நியாயந்தீர்த்துத் தன்னை உயர்த்தும் நாவு. ஒடுக்கப்பட்டோன் முறையிடும் நாவு அன்று. எளியோரை விலக்குதல் கிறிஸ்துவையே விலக்குதலாகலாம் என்பதும் இந்நூலின் முதல் அதிகாரத்தின் எச்சரிக்கை. எனவே நாவடக்கம் முதற்கண் பெரியவருக்கு. பின்னர் வரும் செவிகொடுத்தலும் அவருக்கே. ஆனால் இவ்வேறுபாட்டைப் போன்ஹோஃபர் வெளிப்படையாக விளக்கவில்லை. சமமானோர் வாழ்ந்த இல்லத்தில் அதற்குத் தேவை எழவில்லை போலும். நமக்கோ அது இன்றியமையாதது.

இறுதி அதிகாரம் பாவ அறிக்கையையும் திருவிருந்தையும் இணைக்கிறது. இங்கு நம் வரலாறு குறுக்கிடுகிறது. 1833இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு அறவே ஒழியவேண்டுமென ஆணையிட்டபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் விலகிப்போயினர். திருவிருந்தில் முந்துவார் பிந்துவார் என்னும் வரிசையும் அவ்வழக்கில் அடங்கும். ஆணை இதயத்தை உருவாக்குவதில்லை. சகோதரன் முன்னிலையில் தன் பாவத்தைப் பெயரிட்டு உரைப்பவனே உடைகிறான் என்பது போன்ஹோஃபரின் துணிபு. அப்படியாயின் சாதிப் பெருமையும் பொதுவான சொற்களுள் மறையாமல், பெயர்சொல்லி அறிக்கையிடப்பட வேண்டிய பாவமாகும்.

சபையை உருவாக்க விழையும் ஆயர் இந்நூலைக் கற்கட்டும்; கற்பிக்கட்டும். ஆனால் நாவடக்கத்தைப் போதிக்குமுன், தம் சபையில் இதுவரை பேச இடம்பெறாதவர் யார் எனக் கேட்டு, அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து செவிகொடுப்பாராக. அங்கிருந்தே கூடி வாழ்தல் தொடங்கும்.