கவிழ்ந்து கிடந்த மூன்றாம் நூல்

பட்டச் சான்றிதழைக் கையில் வாங்கியதும் நாம் முதலில் தேடுவது நம் பெயரை. அதில் பதிந்துள்ள முத்திரையை நின்று நோக்குவோர் அரியர். ஆயினும் ஒரு பல்கலைக்கழகம் தன்னைப் பற்றி என்ன எண்ணுகிறது என்பதை, அதன் சட்டதிட்டங்களைவிட அந்தச் சிறு வட்டமே சுருங்கச் சொல்லிவிடுகிறது. அமெரிக்க நாட்டின் ஹார்வர்டு பல்கலைக்கழக முத்திரையை இந்நோக்கில் ஆய்ந்து பார்ப்போம்.

ஒரு கேடயம், அதில் விரித்த நூல்கள் மூன்று, மேலே இரண்டும் கீழே ஒன்றும். 'உண்மை' எனப் பொருள்படும் 'வெரித்தாஸ்' என்ற இலத்தீன் சொல் மூன்றாகப் பிரிந்து அந்நூல்களில் அமைந்துள்ளது. முத்திரைக் கலை சிக்கனத்தின் கலை. உலோகத்தில் எழுத்துகளை இடவலமாகத் திருப்பிச் செதுக்குபவனுக்கு மிகையான ஒரு கோடும் இடையூறே. இங்கே மிகை எதுவும் இல்லை. எந்த ஒரு நூலிலும் உண்மை முழுமையாக இல்லை, மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் சொல் நிறைவுறும் என்பதை விளக்கவுரையின்றியே கண் உணர்ந்துகொள்கிறது.

ஆனால் முதல் வடிவம் இதனினும் ஆழமானது. 1636-இல் தோன்றிய அக்கல்லூரியின் மேற்பார்வையாளர்கள் 1643 டிசம்பர் 27 அன்று கூடியபோது, முத்திரைக்கான வரைவு ஒன்று குறிப்பேட்டில் இடம்பெற்றது. அதில் மேலிரு நூல்கள் விரிந்திருக்க, கீழுள்ள மூன்றாவது நூல் கவிழ்ந்து கிடந்தது. மனித அறிவு எட்டாத எல்லை ஒன்று உண்டு, அதற்கப்பால் உள்ளதை இறைவனே வெளிப்படுத்த வேண்டும் என்பதே அதற்கு வழிவழியாகக் கூறப்படும் பொருள்.

அந்த வரைவு ஏட்டிலேயே உறங்கிவிட்டது. 1650-இல் 'கிறிஸ்துவின் மாட்சிக்காக' என்னும் வாசகமும், 1692-இல் 'கிறிஸ்துவுக்கும் திருச்சபைக்கும்' என்னும் வாசகமும் வந்தன. கல்லூரியின் இருநூறாம் ஆண்டு விழா நிகழ்ந்த 1836-ஐ ஒட்டி, தலைவர் ஜோசையா குவின்சி பழைய வரைவைக் கண்டெடுத்தார்; 1843-இல் 'வெரித்தாஸ்' முத்திரையாயிற்று. அடுத்து வந்த எட்வர்டு எவரெட் 1847-இல் அதை நீக்கிக் கிறிஸ்துவின் பெயரை மீட்டார். 1885-இல் இரண்டும் இணைந்தன: நடுவே உண்மை, சூழக் கிறிஸ்துவும் திருச்சபையும். எனினும் அன்றாடம் நாம் காணும் கேடயத்தில் 'வெரித்தாஸ்' மட்டுமே உள்ளது.

கிறிஸ்துவின் பெயர் ஒதுங்கியதே இழப்பு என்று நம்மில் பலர் வருந்தக்கூடும். அவ்வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆயினும் நம் குறை வேறு. இன்றைய வடிவில் மூன்று நூல்களுமே விரிந்து கிடக்கின்றன. பெயர் ஒதுங்கியதைக் கண்ட கண்கள், நூல் நிமிர்ந்ததைக் காணவில்லை.

பெயர் மட்டும் ஒருவரைக் காத்துவிடாது. அக்கல்லூரியை நிறுவிய மாசசூசெட்ஸ் குடியேற்றமே 1647-இல் இயேசு சபையினர் தன் எல்லைக்குள் நுழையலாகாது என்று சட்டம் இயற்றியது. அவர்கள் பொறித்த 'திருச்சபை' என்னும் சொல்லில் நமக்கு இடம் இருக்கவில்லை. அதனினும் கொடியது ஒன்று உண்டு. கல்லூரியின் தலைவர்களும் ஆசிரியர்களும் பணியாளர்களும் எழுபதுக்கு மேற்பட்ட மனிதரை அடிமைகளாக வைத்திருந்தனர் என்று பல்கலைக்கழகமே 2022-இல் அறிக்கை வெளியிட்டது. கிறிஸ்துவின் பெயர் முத்திரையில் ஒளிர்ந்த நாளிலேயே இது நிகழ்ந்தது. தாம் இன்னும் வாசிக்காத பக்கம் ஒன்று உண்டு என்று எண்ணியிருந்தால், தம் வாசலில் நின்ற அடிமையின் முகத்தில் அதைக் கண்டிருப்பார்கள் அல்லவா?

உண்மையை உடைமையாகக் கருதுவோரும் உண்டு. உண்மையின்முன் மண்டியிடுவோரும் உண்டு. விரித்த மூன்று நூல்கள் முன்னவருக்கும் ஏற்கும். கவிழ்ந்த நூலோ பின்னவருக்கே உரியது. இன்று நாம் அரைகுறையாகவே அறிகிறோம் என்று கொரிந்தியருக்கு எடுத்துரைத்த பவுலடியார் அந்தப் பழைய வரைவைக் கண்டிருந்தால் புன்னகைத்திருப்பார். நம் நிறுவனங்களின் முத்திரைகளில் சிலுவையும் விளக்கும் விரித்த மறைநூலும் குறைவின்றி இருக்கின்றன. கவிழ்ந்த நூல் ஒன்றுக்கும் அங்கே இடம் உண்டா என்று நம்மை நாமே வினவிக்கொள்வோம்.