கறுப்பெழுத்தின் வடிவமும் பயன்பாடும்: டானன்பேர்க் அச்செழுத்து பற்றிய ஒரு நோக்கு

அச்செழுத்தினைக் கருத்தை ஏற்றிச் செல்லும் வெறும் வாகனமாகக் கருதுவதே பொது வழக்கு. வாசகன் சொல்லைக் காண்கின்றான். எழுத்தின் வடிவத்தை அவன் கவனிப்பதில்லை. ஆயினும், தலைப்புகளுக்கும் சுவரொட்டிகளுக்குமென வார்க்கப்படும் தடித்த எழுத்துக்கள், சொல் வாசிக்கப்படு முன்னரே ஒரு மனப்பதிவினை உண்டாக்கி விடுகின்றன. 1930களில் ஜேர்மனியில் தோன்றிய டானன்பேர்க் என்னும் கறுப்பெழுத்து இவ்வகையில் ஆராயத்தக்கது.

பக்கத்தைக் கறுப்பாகத் தோற்றச் செய்யும் அடர்த்தியே கறுப்பெழுத்து என்னும் பெயருக்குக் காரணமாகும். அகன்ற முனையுடைய பேனாவினால் மத்தியகால ஐரோப்பிய எழுத்தர் எழுதிய முறையினின்று இவ்வடிவம் பிறந்தது. ஏறத்தாழ 1455 இல் மைன்ஸ் நகரில் கூட்டன்பேர்க் அச்சிட்ட விவிலியமும் இவ்வகை எழுத்திலேயே அமைந்தது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதன் கிளையாக உருப்பெற்ற பிராக்டூர், 'உடைந்தது' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லடியாகப் பெயர் பெற்றது. வளைய வேண்டிய கோடு அதிலே கோணமாக முறிகின்றது. எனினும், தடித்த கோட்டின் அருகே மயிரிழை போன்ற மெல்லிய கோடும் ஓடுகின்றது. பெரிய எழுத்துக்கள் சிலவற்றில் ஒரு கோடு சுருண்டு நிற்கின்றது. இதனை ஜேர்மனியர் 'யானைத் துதிக்கை' என்றே அழைப்பர்.

எரிச் மேயர் வரைந்து, 1933 முதலாகப் பிராங்க்பேர்ட்டின் ஸ்டெம்பல் எழுத்து வார்ப்பகம் வெளியிட்ட டானன்பேர்க்கில் இந்தத் துதிக்கையும் இல்லை, மயிரிழையும் இல்லை. ஒரே தடிப்புள்ள செங்குத்துக் கோடுகள் அணிவகுத்து நிற்கின்றன. 1914 ஆம் ஆண்டின் போர்வெற்றி ஒன்றின் பெயரே இதற்குச் சூட்டப்பட்டது. இத்தகைய எழுத்துக்களை அச்சுத் தொழிலாளர் 'நெடுஞ்சப்பாத்து எழுத்துக்கள்' என எள்ளி நகையாடினர். இப்பரிகாசத்திலே கூரிய விமர்சனம் ஒன்று அடங்கியுள்ளது. தொலைவிலிருந்து கண்ணைக் கவர்வதில் டானன்பேர்க் வெற்றி பெற்றது; பேர்லின் நகர நிலக்கீழ்ப் புகையிரத நிலையங்களின் பெயர்களுக்கு அது பயன்பட்டமை இதற்குச் சான்று. ஆனால், பேனாவின் அசைவையும் எழுதுவோனின் கையையும் அது இழந்துவிட்டது. மரபின் பெயரால் வந்த இவ்வெழுத்து, தனது எளிமையை நவீனத்துவத்திடமே கடன் வாங்கியது என்பது கவனிக்கத்தக்கது. அந்நவீனத்துவத்தின் முன்னோடியும், 1927 இல் வெளிவந்த பியூச்சரா எழுத்தினை வடிவமைத்தவருமான பவுல் ரென்னர், 1933 இல் நாசிகளாற் கைது செய்யப்பட்டார்.

இவற்றைக்கொண்டு கறுப்பெழுத்து முழுவதையும் பாசிசத்தின் எழுத்தென முடிவு கட்டுவோர் உளர். வரலாறு இம்முடிவிற்கு இடந்தரவில்லை. 1522 இல் லூதரின் புதிய ஏற்பாடு மக்கள் மொழியில் வெளிவந்தது கறுப்பெழுத்திலேயாகும். 1848 இல் இலண்டனில் அச்சான கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கையின் முதற்பதிப்பும் பிராக்டூரிலேயே வெளிவந்தது. மேலும், 1941 ஜனவரி 3 ஆந் திகதி ஹிட்லரின் பெயரால் போர்மன் வெளியிட்ட சுற்றறிக்கை, இவ்வெழுத்து யூதருடையது என ஆதாரமின்றிக் கூறி, உரோமன் எழுத்தையே வழமையான எழுத்தாக்கியது. அச்சுற்றறிக்கைத் தாளின் தலைப்பு கறுப்பெழுத்திலேயே அச்சிடப்பட்டிருந்தது. கைப்பற்றிய நாடுகளின் மக்கள் தம் ஆணைகளை வாசிக்க வேண்டியிருந்த நிலையில், நேற்றுவரை தேசிய ஆன்மாவாகப் போற்றப்பட்ட எழுத்து இவ்வாறு எளிதிற் கைவிடப்பட்டது.

ஆகவே, ஓர் எழுத்தின் அரசியல் அதன் பயன்பாட்டினாலேயே பெரிதும் தீர்மானிக்கப்படுகின்றது எனலாம். எனினும், வடிவம் முற்றிலும் நடுநிலையானது என்பதும் பொருந்தாது. பல நூற்றாண்டுகளாகப் பலரும் பலவற்றிற்கும் கையாண்ட பிராக்டூர் வேறு. ஒரு காலத்தின் ஆரவாரத்திற்கென மயிரிழை களைந்து வார்க்கப்பட்ட டானன்பேர்க் வேறு. பத்திரிகைப் பெயர்களிலும் பியர்ப் போத்தல் ஒட்டுக்களிலும் கறுப்பெழுத்து இன்றும் பழமையின் மதிப்பைச் சுட்டி நிற்கின்றது. நவ நாசிகளும் அதனையே நாடுகின்றனர். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவதற்கு எழுத்தின் கோடுகளையும் அவை அச்சேறிய காலத்தையும் ஒருங்கே வாசித்தல் வேண்டும். உருவமா உள்ளடக்கமா என இலக்கியத்திலே நீளும் விவாதத்திற்கும் இச்சிறிய ஈய எழுத்து ஓர் எடுத்துக்காட்டாக அமையும்.