அகலமும் சாய்வும்: யூரோஸ்டைலும் அரபு எழுத்தணியும்

எழுத்து பொருளைச் சுமந்து வருவதோடு நிற்பதில்லை. தன் வடிவாலும் பேசுகின்றது. அகன்று, வலப்புறம் சாய்ந்து, முனைகளில் சிறு குறுக்குக்கோடுகள் இன்றி நிற்கும் ரோமன் எழுத்தைக் கண்டதும் விரைவு, இயந்திரம், எதிர்காலம் ஆகிய எண்ணங்கள் நம்முள் எழுவது அதனாலேயே.

இவ்வகைக்குத் தக்க சான்று யூரோஸ்டைல். இத்தாலியின் டூரின் நகரிலிருந்த நெபியோலோ அச்செழுத்து வார்ப்பகத்திற்காக அலெஸ்ஸாண்ட்ரோ புட்டியும் ஆல்டோ நோவரேஸேயும் 1952இல் மைக்ரோகிராமாவை வரைந்தனர். அதில் பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்தன. நோவரேஸே சிறிய எழுத்துகளையும் வரைந்து 1962இல் யூரோஸ்டைலாக விரித்தார். இதில் வட்டங்கள் வட்டங்களாக இல்லை. பழைய தொலைக்காட்சித் திரையைப் போல மூலை மழுங்கிய சதுரங்களாக உள்ளன. 1968இல் வெளிவந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ திரைப்படத்தில் இதன் அகன்ற வகை இடம்பெற்றபின், விண்வெளியின் எழுத்தாகவே அது அறியப்படலாயிற்று. பெயர்ப்பலகைக்கும் தலைப்புக்கும் அது அழகு. நீண்ட பத்திகளுக்கோ இடத்தை விழுங்கும் சுமை.

அதன் சாய்வு வேறு வகையானது. 1501இல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூஷியஸ் வெர்ஜிலின் நூலை அச்சிட்ட சாய்வெழுத்து, விரைந்தெழுதும் கையின் இயல்பிலிருந்து பிறந்தது. யூரோஸ்டைலின் சாய்வு, நிமிர்ந்த எழுத்தையே ஒருபுறம் தள்ளியதால் வந்தது. அவ்வாறு தள்ளும்போது சாய்வோடு செல்லும் கோடு மெலிகின்றது. அதற்கு எதிரான கோடு தடிக்கின்றது. வடிவமைப்பாளரின் கண் அதனைத் திருத்த வேண்டும்.

ரோமன் எழுத்துக்கு இது சிறு குறை. அரபு எழுத்துக்கோ பெருங்கேடு. இருமொழித் தலைப்புகளில் ஒற்றுமை வேண்டிக் கணினியின் சாய்வுப் பொத்தானை அழுத்துகின்றனர். அரபும் வலப்புறம் சாய்கின்றது. வலமிருந்து இடமாகச் செல்லும் எழுத்துக்கு அது முன்னேறும் கோலமன்று, பின்வாங்கும் கோலம். பாரசீக அச்சில் இடப்புறம் சாயும் ‘ஈரானிக்’ வடிவம் தோன்றியதன் நியாயமும் இதுவே.

அகலத்திற்கும் சாய்வுக்கும் நம் எழுத்தணி மரபு முன்னரே விடை கண்டுள்ளது. அரபில் சொல்லை அகலமாக்க வேண்டின் எழுத்தைப் பக்கவாட்டில் இழுப்பதில்லை. எழுத்துகளுக்கிடையிலான இணைப்புக் கோட்டை நீட்டுவர். அதுவே கஷீதா. நஸ்தஃலீக்கில் சாய்வது தனியெழுத்தன்று. முழுச்சொல்லும் வலமேலிருந்து இடக்கீழாக இறங்கி வருகின்றது. இவ்வழகை அச்சுக்குள் கொணர்வது எளிதன்று. ஆயினும் மிர்ஸா அஹ்மத் ஜமீல் பல்லாயிரம் எழுத்துச் சேர்க்கைகளை வரைந்தளிக்க, மோனோடைப் நிறுவனத்தின் வழியே 1981இல் நூரி நஸ்தஃலீக் உருவாயிற்று. கருவி மரபுக்குப் பணிந்ததற்கு அது சான்று.

அப்பாஸிய அமைச்சர் இப்னு முக்லா (மறைவு: 940) பேனாவின் புள்ளியை அளவாகக் கொண்டு எழுத்துகளுக்கு விகிதம் வகுத்தார். அவ்வளவு நுணுகிப் பேணப்பட்ட எழுத்தில் அமைந்த பிஸ்மில்லாஹ்வை, அழைப்பிதழ்களில் நாம் ஒரு பொத்தானால் சிதைக்கலாமா? யூரோஸ்டைலை நாம் பழிக்கவில்லை. தன் மொழிக்கு அது பொருந்தியே நிற்கின்றது. அதனிடமிருந்து நாம் கற்க வேண்டியது கோணத்தை அன்று, அப்பொருத்தத்தையே.