மாதங்கியின் 'கலா'வும் உறுமியும்

இலண்டனில் 1975இல் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1986இல் அகதியாய் இலண்டன் மீண்ட மாதங்கி அருள்பிரகாசம், 'எம்.ஐ.ஏ.' என்னும் பெயரில் உலகறிந்த பாடகியானார். ஓவியமும் திரைக்கலையும் பயின்ற அவர், பங்க் இசைமரபில் வந்த இலாஸ்டிகா குழுவின் இசைத்தட்டு ஒன்றிற்கு 2000இல் மேலட்டை வரைந்தவர். இசைக்குள் அவர் நுழைந்த வாயில் அதுவே.

தந்தையின் பெயர் தாங்கிய 'அருளர்' (2005), தாயின் பெயர் தாங்கிய 'கலா' (2007) ஆகிய இரண்டனுள் பின்னதையே நாம் மேலானதாகக் கருதுகிறோம். முன்னதில் முழக்கம் மிகுதி. பின்னதில் 'பாய்ஸ்', 'பேர்ட் ஃபுளூ' ஆகிய பாடல்களை உறுமியே நடத்திச் செல்கிறது. சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலம். தமிழ் அங்குத் தோற்கருவியின் வழியாகவே பேசுகிறது. வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்க எழும் அம்முனகல் பேராக் மக்களுக்குப் புதிதன்று. சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத் திருவிழாக்களில் ஒலித்தது. இரப்பர் மரங்கள் போனபின் ஈப்போ கல்லுமலைத் தைப்பூசத்தில் இளைஞர் தோளில் ஒலிக்கிறது. அதனை இரைச்சலென ஒதுக்கும் கற்றோர் நம்மிடையே உளர். அவர்கள் 'கலா'வை ஒருமுறை கேட்கலாம்.

எனினும் நமக்கொரு குறையுண்டு. 'பேப்பர் பிளேன்ஸ்' பாடல், கிளாஷ் என்னும் பங்க் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாடலொன்றின் இசைத்துண்டின்மேல் எழுந்தது. ஆதலின் அக்குழுவினர் நால்வரும் அதன் ஆக்குநர் வரிசையில் இடம்பெற்றனர். 'பாய்ஸ்' பாடலின் ஆக்குநராக மாதங்கியும் சுவிட்ச் என்னும் இசையமைப்பாளருமே குறிக்கப்பெற்றனர். எழுதி வைக்கப்படாத தாளம் ஒருவர்க்கும் உடைமையன்று என்பது பதிப்புரிமையின் கணக்கு. ஒடுக்கப்பட்டோர்க்காகப் பாடிய மாதங்கியும் அக்கணக்கையே ஏற்றுக்கொண்டார்.