பின்னிருக்கை இல்லாத கார்

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செவிலியராக இருக்கும் என் கல்லூரித் தோழியிடம் இரண்டு கார்கள் உண்டு. ஒன்றில் ஐந்து பேர் உட்காரலாம். பிள்ளைகளைப் பள்ளியில் விட, வேலைக்குப் போக, வாரச் சாமான் வாங்க அது. மற்றொன்று 1990களின் தொடக்கத்தில் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5. சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, துணிக்கூரை. கூடுதல் இரவுப் பணி பார்த்துச் சேர்த்த பணத்தில் வாங்கினாள். முதல் காரை ஏன் வாங்கினாய் என்று அவளை யாரும் கேட்டதில்லை. இரண்டாவதைப் பார்த்த உறவினரும் அண்டை வீட்டாரும் கேட்டது ஒன்றுதான்: "இது எதுக்கு?"

ஓர் ஆகஸ்ட் மாதம் அவள் வீட்டில் தங்கியிருந்தபோது நானும் அதையே கேட்டேன். பதில் சொல்லாமல் சாவியை எடுத்தாள். கூரையின் பிளாஸ்டிக் பின்கண்ணாடியை முதலில் ஜிப் திறந்து படுக்க வைத்தாள்; அப்படியே மடித்தால் விரிசல் விழும். பிறகு முன்கண்ணாடிக்கு மேலிருந்த இரண்டு கொக்கிகளை விடுவித்துக் கூரையைப் பின்னால் தள்ளினாள். ஸ்நேக் பாஸ் என்னும் மலைச்சாலையில் ஏறினோம். இருபுறமும் ஹெதர் பூத்து மலை ஊதாவாகிக் கிடந்தது. அந்தக் கார் ஆயிரம் கிலோவுக்கும் குறைவு. எஞ்சின் வெறும் 1.6 லிட்டர். ஐம்பது அறுபது கிலோமீட்டர் வேகத்திலேயே காற்றும் ஈரமண் வாசனையும் சாலையின் ஒவ்வொரு வளைவும் உடம்புக்குத் தெரிந்தன. குதிரையும் அதன்மேல் இருப்பவரும் ஒன்றாவதைச் சொல்லும் 'ஜின்பா இத்தாய்' என்ற ஜப்பானியத் தொடரை இதன் வடிவமைப்பாளர்கள் தங்கள் கொள்கையாக வைத்திருந்தார்கள். அது விளம்பர வாசகம்தான். ஆனாலும் அன்று அதை நம்பினேன்.

எம்எக்ஸ்-5 1989இல் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமானது. 2016இல் பத்து லட்சமாவது கார் தயாரானது. உலகில் மிக அதிகம் விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் இதுதான். இத்தனை பேர் விரும்பிய காருக்கு இங்கிலாந்தில் ஒரு கேலிப்பெயர் உண்டு: 'ஹேர்டிரெஸ்ஸர் கார்'. முடி வெட்டும் பெண்கள் ஓட்டுவது, ஆண்மை குறைந்தது என்று பொருள். குதிரைத்திறனை ஆண்மையின் அளவுகோலாக வைத்திருப்பவர்களுக்கு, எடை குறைந்த, சக்தி குறைந்த, ஓட்ட இன்பமான ஒரு கார் தொந்தரவாக இருக்கிறது. அதைச் சிறுமைப்படுத்தக் கையில் கிடைத்த கல் பெண். அதிலும் நாளெல்லாம் கால்கடுக்க நின்று உழைக்கும் பெண். அவள் தன் சம்பாத்தியத்தில் தனக்குப் பிடித்ததை வாங்கினால் அது எப்படி வசையாகும்? முடி திருத்தும் தொழிலின் பெயரையே வசையாக்கி வைத்திருக்கும் சாதிச் சமூகத்தில் வளர்ந்த நமக்கு இந்தக் கேலியின் வேர் எங்கே இருக்கிறதென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கார் உலகம் பெண்ணை விலக்கி வைத்திருக்கவில்லை. பெயராக வைத்துக்கொண்டது. மெர்சிடிஸ் என்பது எமில் யெல்லினெக் என்ற வணிகரின் மகள் பெயர். 1995இல் அறிமுகமான, எடை குறைந்த திறந்த காரான லோட்டஸ் எலிஸ், அன்றைய நிறுவனத் தலைவரின் பேத்தி எலிசாவின் பெயரைத் தாங்கியது. மகள், பேத்தி, விளம்பரத்தில் கதவோரம் சாய்ந்து நிற்பவள் ஆகிய எல்லோருக்கும் அங்கே இடமுண்டு. ஸ்டியரிங்கைப் பிடித்தவளிடம்தான் 'எதுக்கு' என்று கேட்கிறார்கள்.

நான் கற்பிக்கும் சங்கப் பாடல்களிலும் இதைப் பார்க்கிறேன். முல்லையில் தலைவன் பாகனிடம் தேரை விரைந்து செலுத்தச் சொல்கிறான், தலைவி காத்திருக்கிறாள். நெய்தலில் அவன் தேரின் மணியோசை அவள் காதில் விழுகிறது. தேர் அவளுக்கு எப்போதும் கேட்கும் பொருள். அதைச் செலுத்தும் பெண்ணை நான் வாசித்தவரை கண்டதில்லை.

இனி ஓர் ஓவியத்துக்கு வருகிறேன். தமாரா தெ லெம்பிக்கா 1929இல் தன்னையே வரைந்த படம் அது. பச்சை புகாட்டி காரில், தோல் தொப்பியும் கையுறையும் அணிந்து, பாதி மூடிய கண்களால் நம்மைப் பார்க்கிறார். கழுத்துத் துணி காற்றில் புடைத்திருக்கிறது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் நடனக் கலைஞர் இசடோரா டங்கன் நீஸ் நகரில் இறந்திருந்தார். திறந்த காரில் போகையில் அவருடைய நீண்ட பட்டுத்துணி சக்கரத்தில் சிக்கியது. காற்றில் பறக்க ஆசைப்பட்ட பெண்ணுக்கு நேர்ந்ததைப் பார் என்று இன்றும் அந்த மரணத்தை எச்சரிக்கையாகச் சொல்கிறார்கள். அன்று காரை ஓட்டியவர் ஓர் ஆண் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. லெம்பிக்கா அதை நினைத்து வரைந்தாரா என்பது என் கேள்வியில்லை. கழுத்துத் துணியோடு ஒரு பெண்ணை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தியதே எனக்குப் போதுமானது.

ஆனாலும் அந்தப் படத்தை முழுமையாக ஏற்க முடியவில்லை. ஜெர்மனியின் 'டி டாமே' என்ற நாகரிக இதழின் அட்டைக்காக வரையப்பட்டது அது. லெம்பிக்காவிடம் புகாட்டி இருந்ததில்லை; அவர் ஓட்டியது சின்ன மஞ்சள் ரெனோ. அந்த ரெனோவையே வரைந்திருக்கலாமே என்று தோன்றுகிறது. சுதந்திரமான பெண் என்றால் பணக்காரியாக, அழகியாக, அலட்சியமானவளாக இருக்க வேண்டும் என்று படம் நமக்குக் கற்றுக்கொடுக்கிறது. படத்தில் சாலையே இல்லை. அவர் எங்கும் போகவில்லை, போஸ் கொடுக்கிறார். என் தோழியின் விரல் நகங்களில் கருப்பு எண்ணெய் படிந்திருக்கும். கதவுக்குப் பின்னாலுள்ள மழைநீர் வடிகுழாயில் இலைச்சருகு அடைத்துக்கொண்டால் அடித்தகடு துருப்பிடித்துவிடும் என்று மெல்லிய கம்பியால் குத்தி எடுப்பாள். அவளை யாரும் அட்டைப்படத்துக்கு அழைக்கப்போவதில்லை.

ஒரு கார் வாங்குவதா பெண் விடுதலை என்று மாணவிகள் கேட்பார்கள். இல்லை. பெட்ரோல் புகையும் பணமும் சம்பந்தப்பட்ட விஷயம் இது. பேருந்துக்குக் காத்திருக்கும் பெண்ணின் நேரம் இதைவிட அவசரமான அரசியல். நான் பேசுவது பயனற்ற நேரத்தைப் பற்றி. ஆண்களின் பொழுதுபோக்குக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. பெண் கார் ஓட்டலாம் என்று இன்று பல வீடுகள் ஒத்துக்கொண்டுவிட்டன. பின்னிருக்கையில் யாராவது இருக்கும்வரை. பிள்ளைகள், மாமியார், காய்கறிப் பை. இரண்டு இருக்கைக் காரில் அந்தச் சமாதானத்துக்கு இடமில்லை. அது இன்பத்துக்கு மட்டுமே என்பதை மறைக்க வழியில்லை. கேலியும் கேள்வியும் அங்கிருந்துதான் வருகின்றன.

1888இல் பெர்தா பென்ஸ், கணவர் கார்ல் உருவாக்கிய மூன்று சக்கரத் திறந்த வண்டியை, அவருக்குத் தெரியாமல், இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்குக் கொண்டுபோனார். நூறு கிலோமீட்டருக்கும் மேல். வழியில் எரிபொருளை ஒரு மருந்துக்கடையில் வாங்கினார். கார் நெடுந்தூரம் போகும் என்று உலகுக்குக் காட்டியவர் அவர். அவர் சொன்ன காரணம், அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்பது.

ஸ்நேக் பாஸில் நான் காரை ஓட்டவில்லை. காப்பீட்டில் என் பெயர் இல்லை. ஊர் திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினைந்து ஆண்டுகளாகக் கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் மட்டுமே நான் ஓட்டிவந்த வீட்டுக் காரை எடுத்தேன். எங்கும் போகவேண்டிய வேலை இல்லை. வாசலில் அம்மா கேட்டார்: "எங்கம்மா கிளம்பிட்ட?"

இந்தக் கட்டுரையின் பாதியை அதற்குள் எழுதி முடித்திருந்தேன். ஆனாலும் வாயில் வந்தது, "மருந்துக்கடைக்கும்மா."

நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திரும்பும் வழியில் நிறுத்தி, தேவையில்லாத ஒரு அட்டை மாத்திரை வாங்கிக்கொண்டேன்.