பாதாளத்தில் இறங்கிய பேனா

விக்டர் ஹியூகோவை நம் நாட்டார் அறியாதவரல்லர். 1862-இல் அவர் வெளியிட்ட பெருங்கதை, சுத்தானந்த பாரதியாரால் ‘ஏழை படும் பாடு’ எனத் தமிழுக்கு வந்தது. 1950-இல் அதே பெயரிலே திரைக்கும் வந்தது. அப்படத்தில் ஜாவர் என்னும் காவலதிகாரியாக நடித்தவர், பின்னர் ‘ஜாவர்’ சீதாராமன் என்றே அழைக்கப்பட்டார். கதை நம் மக்கள் நெஞ்சிலே எவ்வளவு ஆழப் பதிந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ரொட்டி திருடியவன், வெள்ளி விளக்குத் தண்டுகளை ஈந்த பாதிரியார், விடாது துரத்தும் சட்டம் - இவற்றை எல்லோரும் சொல்லுவர். அதே நூலிலே சாக்கடையைப் பற்றி ஓர் ஆராய்ச்சியே அடங்கியிருக்கிறது என்பதைச் சொல்லுவோர் சிலர். அதனைப் படித்தோர் மிகச் சிலர்.

1832 ஜூன் 6. பாரிசு நகரத் தெருவிலே புரட்சிக்காரர் எழுப்பிய தடுப்பரண் வீழ்ந்துவிட்டது. குண்டடிபட்ட இளைஞன் மாரியசைத் தோளிலே சுமந்துகொண்டு, கதைத் தலைவன் ஜீன் வால்ஜீன் பாதாளச் சாக்கடையிலே இறங்குகிறான். பிழைப்பானா, மடிவானா என்று படிப்பவர் பதைத்து நிற்கும் அந்த வேளையிலே, ஆசிரியர் கதையை அப்படியே நிறுத்திவிட்டுச் சாக்கடையின் வரலாற்றை விரிக்கிறார்!

‘இலக்கியத்திலே இந்த நாற்றம் ஏன்?’ என்று மூக்கைப் பொத்துவோர் உண்டு. நிலவையும் நீலோற்பலத்தையும் பாடிப் பழகியவர்கட்கு அது நாற்றந்தான். நாமோ, அந்நூலிலே பகுத்தறிவாளர் இருமுறை படிக்கவேண்டிய பகுதி அதுவே என்கிறோம். ஆயினும், கண்ணை மூடிக்கொண்டு பாராட்டவும் நாம் ஒருப்படோம். நிறையும் உண்டு, குறையும் உண்டு. இரண்டையும் கூறுவோம்.

ஹியூகோ காட்டும் பழைய பாரிசுச் சாக்கடை, அச்சத்தின் உறைவிடம். அது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று எவருக்கும் தெரியாது. வரைபடம் கிடையாது. அறியாத இடத்திலே பேய் குடியேறுவது உலக வழக்கமன்றோ! பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டிலே ஒரு தெருவில் சாத்தான் தோன்றிற்று என்று ஊரார் நம்பினர். பின்னர் சாக்கடையைத் துருவிப் பார்த்தபோது அகப்பட்டது, உயிரினப் பூங்காவிலிருந்து 1800-இல் காணாமற்போன மனிதக் குரங்கின் எலும்புக்கூடு! சாத்தானின் கதை முடிந்த இடம் சாக்கடை என்பதை நகைச்சுவையோடு சொல்லிச் செல்கிறார் ஹியூகோ.

பேய்க்கு அஞ்சி எவரும் உள்ளே போகவில்லை. போகாததால் சேறு மண்டியது. மண்டிய சேறு 1802-இல் பொங்கி எழுந்தது. மன்னன் பதினான்காம் லூயியின் சிலை நின்ற சதுக்கத்திலும் அந்தக் கரிய குழம்பு பரவிற்று. மன்னனென்றும் மண்டபமென்றும் சாக்கடை பார்ப்பதில்லை. அடைத்தால் அது மேலேதான் வரும்.

1805-இல் அமைச்சர் ஒருவர் நெப்போலியனிடம் சென்று, பேரரசிலேயே மிகத் துணிந்த மனிதனைத் தாம் கண்டதாகக் கூறுகிறார். களம் பல கண்ட தளபதிகள் நிறைந்த அரண்மனையிலே இப்படி ஒரு பேச்சு! யார் அவன், என்ன செய்தான் என்று மாமன்னன் கேட்க, பாரிசின் சாக்கடைகளைச் சென்று பார்க்க விரும்புகிறான் என்று விடை வருகிறது. அவர் பெயர் புருனேசோ. 1812 வரை ஏழாண்டுகள் உழைத்தார். அளந்தார், தூர் அகற்றினார், புதிய கால்வாய்களைச் சேர்த்தார். மந்திரவாதி விரட்டாத சாத்தானை அளவுகோல் விரட்டியது. போர்க்கள வெற்றிகளை வாய் ஓயாது பாடிய நாட்டிலே, சாக்கடையை அளந்தவனையும் வீரன் என்று எழுதத் துணிந்ததே, அது ஹியூகோவின் பெருமை. அதற்காக அவருக்கு நம் வணக்கம்.

இனிக் குறைக்கு வருவோம்.

பாரிசு நகரம் ஆண்டுதோறும் இரண்டரைக் கோடி பிராங்கைக் கடலிலே கொட்டுகிறது என்று ஹியூகோ கணக்குப் போடுகிறார். வயலுக்கு உரமாக வேண்டிய கழிவு வீணே ஒழுகிப் போகிறதே என்பது அவருடைய கவலை. நல்ல கவலைதான். ஆனால் அந்தக் கணக்கேட்டிலே ஒரு பத்தி வெறுமையாகவே இருக்கிறது. புருனேசோவுடன் இறங்கிய தொழிலாளர் இருபதின்மர். சிறிது தூரம் சென்றதும் அவருள் எண்மர் மேலே நடக்க மறுத்துவிட்டனர். அவ்வப்போது மயங்கி விழுந்தவரை வெளியே தூக்கிச் சென்றனர். இவ்வளவும் ஹியூகோவே தரும் செய்தி. தந்துவிட்டு அவர் பேனா நகர்ந்துவிடுகிறது. மறுத்த எண்மரின் கதி என்ன? எஞ்சிய பன்னிருவர் பெற்ற கூலி என்ன? மயங்கியவன் மீண்டும் கண் விழித்தானா? புருனேசோவுக்குப் பெயர் உண்டு. அவருக்கு விளக்குப் பிடித்தவனுக்கு இல்லை.

எனினும் அந்த எண்மரை நாம் மறக்கமுடியவில்லை. அவர்கள் ‘மாட்டோம்’ என்றார்கள்! அந்தச் சொல்லைச் சொல்லும் உரிமை அவர்கட்கு இருந்தது. நம் நாட்டிலோ, இறங்குபவன் இன்னான் என்பதைப் பிறப்பே தீர்மானித்துவிட்டது. தந்தைக்குப் பின் மைந்தன் என்று, அரியணைக்கு வாரிசு இருப்பதுபோல் அழுக்கு வாளிக்கும் வாரிசு வைத்த நாடு இது. மறுப்பானேல் சோறில்லை, மறுக்காவிடில் மானமில்லை.

ஹியூகோ காணாத அந்த மனிதனைக் கண்டவர் தகழி சிவசங்கரப் பிள்ளை. 1947-இல் மலையாளத்தில் வெளிவந்து, சுந்தர ராமசாமியால் தமிழாக்கப்பட்ட ‘தோட்டியின் மகன்’ என்னும் நாவல், ஆலப்புழை நகரிலே மலம் அள்ளிய குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை. தன் மகனாவது வாளி தூக்கக்கூடாது என்று தவிக்கிறான் தந்தை. மகன் கையிலும் வாளிதான் வந்து சேருகிறது. ஹியூகோவிடம் சாக்கடை இருக்கிறது, சாக்கடையாளன் இல்லை. தகழியிடம் அவன் இருக்கிறான். அவனை விடுவிக்கவல்ல சாக்கடை இல்லை. இரு நூலையும் அருகருகே வைத்துப் படிக்கும்போதுதான் முழு உண்மை புலப்படுகிறது.

என்ன அந்த உண்மை? வாளியிலிருந்து மனிதனை விடுவிக்க வந்த கருவியே பாதாளச் சாக்கடை. வீட்டுக் கழிவை நீரே இழுத்துச் செல்லும். எவர் தலையும் சுமக்க வேண்டியதில்லை. சாதி ஒழிப்புக்கு மேடை முழக்கம் எவ்வளவு துணையோ, அவ்வளவு துணை ஒழுங்காய் ஓடும் ஒரு குழாய்! ஆனால் அந்தக் குழாயைப் புதைத்துவிட்டு மறந்தால், வாளியிலிருந்து விடுபட்டவன் குழிக்குள் இறக்கப்படுகிறான். முன்பு அவன் தலைமீது கழிவு. இப்போது கழிவுக்குள் அவன் தலை.

குழாய் ஏன் பொங்குகிறது? இதிலே மறைபொருள் ஏதுமில்லை. கழிவுநீர் தன் எடையால் சரிவிலே ஓடுவது. ஓட்டம் மந்தமானால் மணல் படியும். உணவு விடுதிகள் ஊற்றும் எண்ணெயும் கொழுப்பும் ஆறிக் கட்டியாகும். அதனோடு துணியும் ஞெகிழித் தாளும் பின்னிக்கொள்ளும். 2017-இல் இலண்டன் நகரத்துச் சாக்கடையொன்றில் இவ்வாறு திரண்ட கொழுப்புப் பாறை 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் கொண்டிருந்தது. குழாய் இணைப்புகளிலே மரவேர் புகும். மின்சாரம் நின்றால் நீரேற்று நிலையம் நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக மழை! தெருவிலே வெள்ளம் நின்றால் சாக்கடை மூடியைத் திறந்துவிடுவதை நாம் காண்கிறோம். கழிவுக்கென அமைத்த குழாய் மழையைத் தாங்குமோ? மேட்டுத் தெருவிலே இறக்கிய வெள்ளம், பள்ளத்துக் குடிசையிலே மலத்தோடு பொங்குகிறது. பள்ளத்திலே வாழ்பவர் யார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

காரணம் தெரிந்தால் கடமையும் தெரியும். ஒவ்வொரு குழாய்க்கும் வரைபடம். ஒவ்வொரு தெருவுக்கும் தூர்வாரும் நாள். விடுதிதோறும் கொழுப்பைத் தடுத்து நிறுத்தும் தொட்டி. மழைநீருக்குத் தனி வழி. உள்ளிருக்கும் விரிசலைக் காட்டும் படக்கருவி. அடைப்பைப் பீய்ச்சித் தகர்க்கும் இயந்திரம், அதை உறிஞ்சி எடுக்கும் லாரி. ஹியூகோவின் காலத்தை ஒட்டியே பாரிசிலே பெல்கிராண்ட் என்னும் பொறியாளர், தேக்கிய நீரின் வேகத்தாலேயே படிவை அரித்துத் தள்ளும் மதகு வண்டிகளைப் பயன்படுத்தினார். 1867-இல் அந்தச் சாக்கடைகளைப் பொதுமக்கள் சுற்றிப் பார்க்கவும் வழி செய்தனர். நூற்றைம்பது ஆண்டுகட்கு முன் அங்கே நீரைக் கொண்டு செய்த வேலையை, இன்று இங்கே மனித உடலைக் கொண்டு செய்வது அறிவுப் பஞ்சத்தால் அன்று. அந்த உடல் மலிவென்னும் எண்ணத்தால்.

குழியிலே காத்திருப்பது ஐதரசன் சல்பைடு என்னும் நச்சு வாயு. சிறிதளவில் அழுகிய முட்டையாய் நாறும். மிகுந்தாலோ மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்யும். நாற்றமில்லை, ஆபத்துமில்லை என்று இறங்கியவன் சாய்வான். அவனைத் தூக்கப் பாய்ந்த தோழனும் சாய்வான். இதற்கு ‘விதி’ என்று பெயரிடுவோரிடம் நாம் கேட்கிறோம்: விதி ஏன் எப்போதும் ஒரே சேரிக்குள்ளேயே சுற்றுகிறது?

சட்டம் இல்லாமலில்லை. 1993-இல் ஒன்று, 2013-இல் மற்றொன்று. 2014-இல் உச்சநீதிமன்றம், சாக்கடையில் மாண்டோர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் என்றது. 2023-இல் முப்பது இலட்சம் என்று உயர்த்தி, மனிதர் இறங்கும் நிலையையே படிப்படியாக ஒழிக்கப் பணித்தது. இழப்பீடு நீதிதான், ஆனால் அது பிணத்துக்குப் பின் வருவது. தூர்வாரும் அட்டவணை பிணத்துக்கு முன் வருவது. பின்னதையே நாம் கேட்கவேண்டும்.

தோழர்களே! உங்கள் ஊர் மன்றத்திலே கேளுங்கள்: நம் தெருக் குழாயின் வரைபடம் எங்கே? கடைசியாகத் தூர்வாரிய நாள் எது? எந்த இயந்திரம் வந்தது? மழைக்கு முன் மீண்டும் எப்போது வரும்? எழுத வல்லவர்கள் எழுதுங்கள். புருனேசோவை மட்டுமன்று, அவருக்கு விளக்குப் பிடித்தவனையும் எழுதுங்கள். ‘மாட்டேன்’ என்று அன்று எண்மர் சொன்ன சொல்லை நம் ஊர்த் தொழிலாளியும் அச்சமின்றிச் சொல்லும் நாள் வரவேண்டும். அவன் மறுத்த பின்னரும் சாக்கடை பொங்காமல் ஓடவேண்டும். அந்த நகரமே நாகரிக நகரம்.